பள்ளிக்கூட வாசலில் ஊமையாகும் தாய்

(பாறசாலையில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன மாதம் சித்தாள் வேலை முடித்து, சிமெண்டு படிந்த கையோடு வந்த ஒரு தங்கச்சி என்னிடம் அழுதது. மகன் நான்காம் வகுப்பு. பெற்றோர் கூட்டத்துக்குப் போகிற வழியில் அவன் சொன்னானாம்: "அம்மா, அங்க வந்து நீ பேசாத. பேசினா பாண்டின்னு சிரிப்பாங்க." டீச்சர் கேட்டதற்கெல்லாம் அந்தத் தாய் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்திருக்கிறது.

அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. பாண்டி என்றால் பாண்டிய நாட்டுக்காரன். அதில் என்ன வசை? சொல்லுகிற தொனியில்தான் இளக்காரம் இருக்கிறது. இதை அவனுக்கு யார் சொன்னோம்? கூலியைப் பற்றிப் பேசுகிறோம், வாடகையைப் பற்றிப் பேசுகிறோம். பிள்ளையிடம் அவன் யார் என்று பேசினோமா?

நாம் கடல் தாண்டி வரவில்லை, தோழர்களே. 1956 நவம்பர் 1-ஆம் தேதிக்கு முன்னால் களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவே மாநில எல்லையே கிடையாது. மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது, தமிழர்கள் மாண்டார்கள். அப்போது ஆண்டது பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் மந்திரிசபை. அதே கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா, தன் கட்சி ஆட்சியே பதவி விலக வேண்டும் என்றார். தமிழ் தெரியாத வடநாட்டுக்காரர் அவர்! நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய தேசப் பெருமை இதுதான் என்பது என் கருத்து.

விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தமிழ்நாட்டுக்குப் போயின. பாறசாலை இங்கே நின்றது. நின்றது நிற்கட்டும். எல்லைக்கல்லைப் பிடுங்க நாம் வரவில்லை. நம்மில் பெரும்பாலோர் பிழைப்புக்காகப் பிறகு வந்தவர்கள்.

இன்னொன்று கேளுங்கள். தமிழ்நாட்டில் விழா தொடங்கும்போது பாடுகிற தமிழ்த்தாய் வாழ்த்தை எழுதியவர் எந்த ஊர்? மதுரையா? இல்லை. 1855-இல் ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரத்தில் கல்லூரி ஆசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை. 1891-இல் வந்த அவருடைய மனோன்மணீயம் நாடகத்தில் உள்ள பாட்டு அது. 1970-இல் தமிழ்நாட்டு அரசு அதை ஏற்றது. கேரள மண்ணில் பிறந்த பிள்ளை எழுதியதற்குத்தான் அங்கே எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள்! அந்தப் பையனிடம் இதைச் சொன்னேன். "நம்ம ஆலப்புழையா?" என்று கேட்டான். அந்த 'நம்ம' எனக்குப் பிடித்திருந்தது.

சட்டத்துக்கு வருகிறேன். எல்லை பிரிந்த அதே நாளில் அரசியல் சட்டத்தில் 350-ஏ பிரிவும் நடைமுறைக்கு வந்தது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது அது. 2017 கேரளச் சட்டம் பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயமாக்கியது. நான் அதை எதிர்க்கவில்லை. மலையாளம் நன்றாகப் படிக்கட்டும். ஆபீசில், ஆஸ்பத்திரியில், கோர்ட்டில் அதுதானே சோறு போடும்? கூடவே தமிழும் எழுதப் படிக்க வேண்டும் என்கிறேன். விளவங்கோட்டு மலையாளிகள் 2006 தமிழ்ச் சட்டம் வந்தபோது தங்கள் பிள்ளைகளுக்காக இதையேதான் கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்றால் நாம் கேட்பதும் நியாயம். அவர்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டு நமக்கு மட்டும் கேட்க எனக்கு வாய் வராது.

பள்ளியில் தமிழ் வாத்தியார் வேண்டும் என்ற மனு அந்த மேசைமேல் இருக்கிறது. 1969 ஆட்சிமொழிச் சட்டப்படி இந்த மாநிலத்துத் தமிழர் தலைமைச் செயலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம், தமிழிலேதான் எழுதியிருக்கிறோம். தாய்மார்கள் முதலில் வாருங்கள். கைநாட்டு வேண்டாம்; பெயர் எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் பிள்ளைகள் உட்கார்ந்து எழுதக் காட்டிக் கொடுப்பார்கள். அந்த நான்காம் வகுப்புக்காரனும் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறான்.