377: கடல் தாண்டின ஒரு நம்பர்

இந்த எபிசோட களக்காட்டுல இருந்து பேசுறேன். நடுவுல வாழைத்தார் ஏத்துற லாரி ஹாரன் கேட்டா பொறுத்துக்கோங்க.

இன்னைக்கு என்ன பேசப்போறேன்னு மாமாகிட்ட சொன்னேன். “உலக அரசியலும் குயர் மக்களும்”னு. அவர் கேட்டாரு, “எல, ஜெனீவால ஓட்டுப் போட்டா இங்க யாருக்குல என்ன?” நியாயமான கேள்விதான். அதுல இருந்தே ஆரம்பிக்கலாம்.

நம்ம பக்கத்துல இருந்து கொழும்பு, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர்னு போகாத ஊர் இல்ல. ஆனா நம்ம ஆட்கள் போன இடத்துக்கெல்லாம் வெள்ளைக்காரன் சட்டமும் போயிருந்தது. 1862-ல இந்தியாவுல அமலுக்கு வந்த தண்டனைச் சட்டத்துல 377-ஆவது பிரிவு. பர்மாவுலயும் அதே நம்பர். பினாங்கு, சிங்கப்பூர்லயும் அதே நம்பர். இலங்கைல மட்டும் 1883 சட்டத்துல 365-னு மாறிச்சு, சரக்கு ஒண்ணுதான். இங்கிலாந்து தன் வீட்டுல 1967-ல இத தளர்த்திக்கிச்சு. இலங்கை, மலேசியா, மியான்மர் சட்டப் புத்தகத்துல அது இன்னும் இருக்கு. சிங்கப்பூர், 1938-ல சேர்த்த 377A-வ நீக்க 2022 வரை எடுத்துக்கிச்சு. இதுல பெரிய வேடிக்கை, “இது மேல்நாட்டுப் பழக்கம்”னு குயர் மக்களைச் சொல்றவங்க கைல இருக்கிறதே மேல்நாட்டுச் சட்டம்தான்.

சரி, இது பழைய கதை. 2013 டிசம்பருக்கு வருவோம். 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 377 செல்லும்னு தீர்ப்பு சொல்லுது. மறுநாளே நியூயார்க்ல இந்தியத் துணைத் தூதர் தேவயானி கோப்ரகடே கைதாகிறாங்க, வீட்டுப் பணியாளர் விசா விவகாரத்துல. ஆடையைக் களைஞ்சு சோதனை போட்டாங்கன்னு தெரிஞ்சதும் நாடே கொதிச்சது. டெல்லியில அமெரிக்கத் தூதரகத்துக்கு முன்னாடி இருந்த தடுப்புகளை அரசாங்கம் எடுத்துச்சு. அப்போ பா.ஜ.க. தலைவர் யஷ்வந்த் சின்ஹா ஒரு யோசனை சொன்னாரு: இங்க இருக்கிற அமெரிக்க அதிகாரிகளோட ஒரே பால் துணைகளைப் புடிச்சு உள்ள போடுங்க, இப்போ அது சட்டப்படி குற்றம்தானே!

அவர் முன்னாள் வெளியுறவு அமைச்சர், அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க. அவரோட கோபம் அமெரிக்கா மேல. அதுக்கு ஓங்கின கம்பு நம்ம ஊரு குயர் மக்கள் முதுகுல பட்ட அதே கம்பு. ரெண்டு நாடு சண்டை போடுறப்போ நம்ம வாழ்க்கை பேரம் பேசுற சரக்கா ஆகிடுது. சர்வதேச உறவுகள குயர் பார்வையில படிக்கிறதுன்னா எனக்கு அதுதான்: இந்தப் பேரத்துல யார் உடம்ப தட்டுல வைக்கிறாங்கன்னு பாக்கிறது.

2015 மார்ச்ல இன்னொண்ணு. ஐ.நா. ஊழியர்களோட ஒரே பால் துணைகளுக்குக் கொடுக்கிற சலுகைகளை நிறுத்தச் சொல்லி ரஷ்யா தீர்மானம் கொண்டுவந்துச்சு. ஆதரவா 43 ஓட்டு, எதிரா 80. தோத்துப்போச்சு. அந்த 43-ல இந்தியாவும் பாகிஸ்தானும் சேர்ந்தே நின்னாங்க. காஷ்மீர்னா சேராத கை இதுல சேர்ந்துடுச்சு.

“அப்போ 377 இருந்துச்சுல்லா, வேற எப்படி ஓட்டுப் போடுவாங்க”ன்னு மாமா கேட்டாரு. நானும் அப்படித்தான் நினைச்சேன். 2016-ல ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில், பால்புதுமையர் மேல நடக்கிற வன்முறையைக் கவனிக்க ஒரு தனி நிபுணரை நியமிக்க ஓட்டெடுத்தப்போ இந்தியா நடுநிலை. 2018 செப்டம்பர் 6-ல உச்ச நீதிமன்றம், மனமொத்த வயதுவந்தவங்க உறவு குற்றமில்லன்னு சொல்லிடுச்சு. 2019 ஜூலைல அந்த நிபுணரோட பதவிய நீட்டிக்க மறுபடி ஓட்டு. இந்தியா மறுபடி நடுநிலை. சட்டம் மாறிச்சு, ஜெனீவால கை தூக்கல.

இதுக்கு மூணு மாசம் முன்னாடி நம்ம பக்கத்துலயே என்ன நடந்துச்சு தெரியுமா? தூத்துக்குடிக் கோயில்ல ஒரு இளைஞரும் ஒரு திருநங்கையும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. பதிவு பண்ண மறுத்தாங்க. மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2019 ஏப்ரல் 22-ல சொன்னாரு, இந்து திருமணச் சட்டத்துல ‘மணமகள்’ங்கிற சொல்லுக்குள்ள திருநங்கையும் அடக்கம், பதிவு பண்ணுங்கன்னு. அதே தீர்ப்புல, இடைப்பால் குழந்தைகளுக்கு சின்ன வயசுலயே பால் மாற்று அறுவை சிகிச்சை பண்றத நிறுத்தச் சொன்னாரு. ஆகஸ்ட்ல தமிழ்நாடு அரசாணையும் போட்டுச்சு. மால்ட்டா 2015-லயே இதுக்குச் சட்டம் போட்ட நாடு. அந்தக் குட்டித் தீவுல நடந்த பேச்சு நம்ம பக்கமும் வந்தது தூத்துக்குடி வழக்குல இருந்து!

அதனால “டெல்லி ஜெனீவால என்ன பண்ணுச்சு”ன்னு மட்டும் பாத்தா பாதிக் கதைதான்.

மாமாவோட கேள்விக்குப் பதில்? 2023 அக்டோபர் 17-ல உச்ச நீதிமன்றம் ஒரே பால் திருமணத்த அங்கீகரிக்க மறுத்துச்சு. கனடாவுல சட்டப்படி கல்யாணம் பண்ணின நம்ம ஊருப் பொண்ணுங்க ரெண்டு பேரு திருவனந்தபுரத்துல ஃபிளைட்ட விட்டு இறங்குறாங்கன்னு வைங்க. ஏறும்போது தம்பதி. இறங்கும்போது இந்தியச் சட்டத்துக்கு முன்னாடி யாரோ ரெண்டு பேரு. ஒருத்தி ஆஸ்பத்திரில படுத்தா இன்னொருத்தியால ‘மனைவி’ன்னு கையெழுத்துப் போட முடியாது.

மாமா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் கேட்டாரு, “அப்போ யாருல கையெழுத்துப் போடுவா?”