"ஸீ" என்னும் ஆங்கிலச் சொல்



"ஸீ" என்னும் ஆங்கில வினைக்குக் "காண்" என்று மட்டும் நாம் மனனஞ் செய்கிறோம். ஆயின், ஒருவர் கூறியதைக் கேட்டு "ஐ ஸீ" என்றால், "விளங்குகிறது" என்பதே பொருள். "ஸீ ஏ டொக்டர்" என்றால் வைத்தியரிடம் காட்டுக என்பதாம். "வீடு தெரிகிறது" என்பதற்கு "ஐ கான் ஸீ த ஹவுஸ்" என்பதே வழக்கு. "ஐ ஆம் ஸீயிங்" என்பது அங்கே பொருந்தாது.

நமது "பார்" என்பதும் இவ்வாறே பல பொருள் தரும். உத்தியோகம் பார்க்கிறோம்; ருசி பார்க்கிறோம். இவ்விரண்டுக்கும் "ஸீ" உதவாது. ஆகவே, சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதை விடுத்து, முழு வாக்கியமாகவே பயில்வோமாக.

பிழைபடப் பேசும் இளைஞரைக் கண்டு நகைத்தால் அவர் வாய் அடைபடும். அன்புடன் திருத்தினால் நாப்பழக்கம் வரும். பேசத் துணிவோம், திருத்த முன்வருவோம்.