திருப்பண்டம் கிடைத்தபோது



தொலைந்துபோன புனிதப் பொருள் ஒன்று திடீரெனக் கிடைத்துவிட்டால் மாந்தர் என்ன செய்வர் என்னும் வினா, கதைகளுக்கும் திரைப்படங்களுக்கும் உரியதென்று எண்ணப்படுவதுண்டு. வரலாறு அவ்வினாவைப் பலமுறை எதிர்கொண்டிருக்கிறது. விவிலியத்திலேயே அதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. யோசியா மன்னன் யூதாவை ஆண்ட பதினெட்டாம் ஆண்டில், எருசலேம் ஆலயத்தைச் செப்பனிடும் பணி நடந்துகொண்டிருந்தபோது, தலைமைக் குரு இல்க்கியா சட்டச் சுருள் ஒன்றைக் கண்டெடுத்தார். எழுத்தரான சாப்பான் அதனை மன்னனுக்குப் படித்துக் காட்டினார். கேட்ட மன்னன் தன் ஆடையைக் கிழித்துக்கொண்டு அழுதான். முன்னோர் அச்சட்டத்தைக் காக்கத் தவறினர் என்பதே அவன் நெஞ்சில் தைத்தது. கிடைத்த பொருள் தன்னையே குற்றம் சாட்டுகிறது என்று ஒருவன் உணர்ந்தது மிக அரிய நிகழ்ச்சி. பிற்காலத்தில் திருப்பண்டங்களைக் கண்டெடுத்தோர், அவை தம் பக்கம் நின்று பிறரைக் குற்றம் சாட்டுவதாகவே பெரும்பாலும் கொண்டனர்.

அவ்வாறு கொண்டதன் முழு வரலாற்றையும் ஒரே இடத்தில் காண வேண்டுமாயின் அந்தியோக்கியாவுக்குச் செல்லவேண்டும். முதற் சிலுவைப் போரின்போது, 1097 அக்டோபரில் தொடங்கிய முற்றுகை ஏறத்தாழ எட்டுத் திங்கள் நீடித்து, 1098 ஜூன் 3ஆம் நாள் நகரம் சிலுவைப் படையினர் கையில் வீழ்ந்தது. வெற்றிக் களிப்பு ஒரு கிழமைகூட நிலைக்கவில்லை. மோசூல் தலைவன் கெர்போகா பெரும்படையுடன் வந்து நகரைச் சூழ்ந்துகொண்டான். முற்றுகையிட்டவர்களே முற்றுகைக்கு ஆளாயினர். நகரின் உச்சியிலிருந்த கோட்டையோ இன்னும் துருக்கியர் வசமே இருந்தது. உணவு தீர்ந்தது, மர இலைகளையும் காய்ந்த விலங்குத் தோல்களையும் வேகவைத்து உண்டனர் என்று உடனிருந்தோர் எழுதி வைத்துள்ளனர். இரவில் மதிலிலிருந்து கயிறு கட்டி இறங்கித் தப்பியோடியவர்களும் உண்டு.

இந்நிலையில்தான் பீட்டர் பார்த்தலோமியு என்னும் ஏழை, துலூஸ் கோமகன் ரேமண்டின் முன்னும் ஆயர் அதெமாரின் முன்னும் வந்து நின்றான். திருத்தூதர் அந்திரேயா தனக்குப் பலமுறை காட்சி தந்ததாகவும், இயேசுவின் விலாவைக் குத்திய ஈட்டி அந்நகரின் தூய பேதுரு ஆலயத்தில் புதைந்திருப்பதை அவர் காட்டியதாகவும், தன் வறுமையை எண்ணி அஞ்சி இதுவரை வாய் திறக்கவில்லை என்றும் கூறினான். விலாவைக் குத்திய செய்தி நான்கு நற்செய்திகளுள் யோவான் ஒருவரிடம் மட்டுமே உண்டு. குத்திய வீரனின் பெயர்கூட அங்கு இல்லை. அந்த ஒற்றை வரியிலிருந்து எத்தனை ஈட்டிகள் முளைத்தன என்பது தனிக்கதை. அவற்றுள் ஒன்று கான்ஸ்டாண்டிநோபிள் பேரரசனின் கருவூலத்தில் அப்போதே வணங்கப்பட்டு வந்தது. இதை அறிந்திருந்ததனால் போலும், ஆயர் நம்பவில்லை, கோமகன் நம்பினான். சமயத் தலைவர் ஐயுற, போர்த்தலைவன் நம்பியது வியப்பாகத் தோன்றலாம். ஆயருக்கு வேண்டியது மெய். கோமகனுக்கு வேண்டியது பசித்த படை எழுந்து நிற்பதற்கு ஓர் ஏது.

ஜூன் 15ஆம் நாள் ஆலயத்தின் தளத்தைப் பெயர்த்துப் பதின்மூவர் தோண்டினர். காலை தொடங்கி மாலை வரை தோண்டியும் ஒன்றும் தென்படவில்லை. கோமகன் சோர்ந்து வெளியேறினான். அப்போது பீட்டர் வெறுங்காலுடன், உள்ளாடை மட்டும் அணிந்தவனாய்க் குழிக்குள் குதித்தான். சற்று நேரத்தில் இரும்பு முனையொன்று வெளிப்பட்டது. அது மண்ணைவிட்டு முழுதும் வெளிவருமுன்பே அதனைத் தான் முத்தமிட்டதாகக் கோமகனின் குருவான அகிலேர்ஸ் ரேமண்டு எழுதியிருக்கிறார். அவருடைய நூல்தான் இந்நிகழ்ச்சிக்கு முதன்மைச் சான்று. அந்த முத்தத்திற்குப் பிறகு எழுதப்பட்டது என்பதை மறவாமல் அதனைப் படிக்கவேண்டும். சிலுவைப் படையினருக்கு எதிர்ப்பக்கத்தில், ஒரு நூற்றாண்டுக்குப் பின் எழுதிய அரபு வரலாற்றாசிரியர் இப்னு அல் அதீர், சூழ்ச்சிக்காரத் துறவி ஒருவன் முன்னரே ஈட்டியைப் புதைத்துவைத்தான் என்று சுருக்கமாக முடித்துவிடுகிறார்.

நகரெங்கும் மகிழ்ச்சி பொங்கியது. ஜூன் 28ஆம் நாள் வாயில்களைத் திறந்துகொண்டு படை வெளியே வந்தது. ஈட்டி முன்னே ஏந்திச் செல்லப்பட்டது. பன்மடங்கு வலியதென அஞ்சப்பட்ட கெர்போகாவின் படை சிதறி ஓடிற்று. அவனுடன் வந்த சிற்றரசர்கள் அவனுடைய மேலாண்மையை விரும்பாமல் போரின் நடுவே விலகிச் சென்றதும் அதற்குப் பெருங்காரணம். ஆயினும் பட்டினியால் நடக்கவும் இயலாதிருந்தோர் அன்று நடந்தனர் என்பதையும், உட்பகையை மட்டும் கொண்டு இவ்வெற்றியை விளக்கிவிட இயலாது என்பதையும் நடுநிலையோர் ஒப்புவர்.

இதுவரை உள்ளது யாவரும் சொல்லும் கதை. பேசப்பட வேண்டியது அதன் பின்னர் நிகழ்ந்ததே. ஆகஸ்டு முதல் நாள் ஆயர் அதெமார் கொள்ளைநோயால் மறைந்தார். ஓரிரு நாளில் பீட்டருக்கு மீண்டும் காட்சி. ஈட்டியை ஐயுற்ற குற்றத்திற்காக ஆயர் நரகத்தீயில் வெந்தார் என்பது அக்காட்சியின் செய்தி! ஏழையென்று தன்னை ஒடுக்கிக்கொண்டவன், இறந்த ஆயருக்குத் தீர்ப்பு வழங்கும் நிலைக்கு இரு திங்களுக்குள் உயர்ந்துவிட்டான். காட்சிகள் மேலும் பெருகின. அவையெல்லாம் துலூஸ் கோமகனுக்குச் சாதகமாகவே அமைந்தன. நார்மானியத் தலைவர்களுக்கு இது பொறுக்கவில்லை. ஈட்டி யாருடையது என்னும் வழக்கே, ஈட்டி மெய்யா பொய்யா என்னும் வழக்காக மாறிற்று. பஞ்சம் நீங்கி வயிறு நிறைந்தபின் பிறந்த ஐயம் அது என்பது கருதத்தக்கது.

1099 தொடக்கத்தில் அர்க்கா என்னும் ஊரை முற்றுகையிட்டிருந்தபோது, நார்மண்டிக் கோமகனின் குருவான அர்னுல்பு வெளிப்படையாகவே மறுத்துரைத்தார். தீக்குளித்து மெய்ப்பிப்பதாகப் பீட்டர் தானே முன்வந்தான். ஏப்ரல் 8, பெரிய வெள்ளிக்கிழமை. காய்ந்த ஒலிவ மரக்கிளைகள் நான்கடி உயரமும் பதின்மூன்றடி நீளமும் உள்ள இரு வரிசைகளாக அடுக்கப்பட்டன. இடையே ஓரடி வழி. தீ மூண்டதும், ஈட்டியைக் கையில் ஏந்தி அவன் அதனுள் நடந்து மறுபுறம் வெளிவந்தான். காத்திருந்த கூட்டம் அவன்மேல் பாய்ந்தது. அவன் ஆடையைத் துண்டு துண்டாகக் கிழித்து எடுத்துக்கொண்டது. அந்நெரிசலில் காலில் காயமுற்று முதுகெலும்பும் முறிந்தது என்கிறார் அகிலேர்ஸ் ரேமண்டு. தீப்புண்ணால் இறந்தான் என்கின்றனர் மறுப்போர். ஏப்ரல் 20ஆம் நாள் அவன் உயிர் நீத்தான் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அவன் நடந்த தீயின் கரியையும் சாம்பலையும் மக்கள் அள்ளிச் சென்றனர். நம்பினோர் கையால் இறந்தானா, நம்பாதோர் மூட்டிய நெருப்பால் இறந்தானா என்பதற்கு இன்றுவரை விடையில்லை. இருசாராருக்கும் அவன் ஒரு சான்றுப்பொருளாக மட்டுமே இருந்தான் என்பது தெளிவு. மோசே செய்த வெண்கலப் பாம்புக்கு மக்கள் தூபங்காட்டத் தொடங்கியபோது, எசேக்கியா மன்னன் அதனையே உடைத்துப்போட்டான் என்று விவிலியம் கூறும். அந்தியோக்கியாவில் அத்தகைய துணிவு எவருக்கும் இல்லை.

அறிவியல் வளர்ந்த நூற்றாண்டிலும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. 1883இல் மோசஸ் வில்லெம் ஷாபிரா என்னும் எருசலேம் பழம்பொருள் வணிகர், உபாகம நூலின் மிகத் தொன்மையான படி என்று சில தோல் நறுக்குகளை இலண்டனுக்குக் கொண்டுவந்தார். பத்து இலட்சம் பவுன் விலை பேசப்பட்டது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இரு நறுக்குகள் காட்சிக்கு வைக்கப்பட்டபோது கூட்டம் அலைமோதியது. தலைமை அமைச்சர் கிளாட்ஸ்டனும் வந்து பார்த்தார். சில கிழமைகளில் அறிஞர்கள் போலி என்று தீர்த்தனர். முன்னர் அவர் பெர்லினுக்கு விற்ற மோவாபிய மட்கலங்கள் போலியென வெளிப்பட்டிருந்தமை அத்தீர்ப்புக்குத் துணை நின்றது. முதல் நாள் வியந்த ஏடுகளே மறுநாள் எள்ளி நகையாடின. 1884 மார்ச்சில் ரோட்டர்டாம் விடுதி ஒன்றில் ஷாபிரா தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார். நறுக்குகள் பின்னர் சில பவுன்களுக்கு ஏலம் போய், இறுதியில் காணாமற்போயின. 1947க்குப் பின் சாக்கடற் குகைகளில் தோற்சுருள்கள் கிடைத்தபோது, அத்தீர்ப்பு அவசரமானதோ என்னும் ஐயம் எழுந்தது. 2021இல் இடான் டெர்ஷோவிட்ஸ் என்னும் ஆய்வாளர் அவை மெய்யே என்று வாதிட்டார்; பலர் ஏற்கவில்லை. ஆராய்வதற்குத் தோல்தான் இல்லை.

பொருளே கிடைக்காதபோதும் இத்தனையும் நிகழக்கூடும் என்பதற்கு மான்டேகு பார்க்கர் சான்று. பாபிலோனியர் எருசலேமை அழித்தபின் உடன்படிக்கைப் பெட்டி என்னவாயிற்று என்று விவிலிய வரலாறு கூறவில்லை. எசேக்கியேல் நூலில் மறைகுறிப்பு ஒன்றைக் கண்டதாகப் பின்லாந்தின் யூவெலியுஸ் சொன்னதை நம்பி, ஆங்கிலப் பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்த பார்க்கர் பெரும்பொருள் திரட்டி, 1909இல் சீலோவாம் பகுதியின் சுரங்கங்களைத் தோண்டத் தொடங்கினார். ஒன்றும் அகப்படவில்லை. 1911 ஏப்ரலில், ஆளுநருக்கும் காவலருக்கும் கையூட்டு அளித்து, இரவில் அரபு உடையணிந்து ஹரம் அல் ஷரீப் வளாகத்திற்குள் நுழைந்தார். பாறைக் குவிமாடத்தின் அடியிலுள்ள குகையைத் தோண்டும் ஓசை ஒருவர் காதில் விழுந்தது. பொழுது விடிவதற்குள் நகரம் கொதித்தெழுந்தது. நபி மூசா விழாவுக்காக மக்கள் திரண்டிருந்த காலம் அது. பெட்டியை எடுத்துப்போயினர், சாலமோனின் முடியை எடுத்துப்போயினர் என்று வதந்திகள் பரவின. பார்க்கர் யாப்பாத் துறைமுகத்திற்கு விரைந்தார். சுங்க அலுவலர்கள் பெட்டிகளைச் சோதித்தும் ஒன்றும் காணாமல் அவரைத் தடுத்து நிறுத்தினர். கப்பலில் விருந்தளித்துப் பேசலாம் என்று அவர்களை அழைத்துவிட்டு, விளக்குகளை ஒளிரவிட்டபடியே அவர் கடலுக்குள் சென்று மறைந்தார். ஆளுநர் பதவி இழந்தார்.

அக்குழுவினர் துளைத்த இடங்களையெல்லாம் தொமினிக்கத் துறவி லூயி ஊக் வென்சான் பொறுமையாக அளந்து வரைந்துகொண்டிருந்தார். பெட்டியைத் தேடுவதில் அவருக்கு நாட்டமில்லை. அதே 1911ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட சுரங்க வரைபடங்கள், பழைய எருசலேமின் நீர்வழிகளை ஆராய்வோர்க்கு இன்றும் பயன்படுகின்றன.