எதிர்வரிசையில் பிறக்கும் உரிமைக்குரல்



அரசின் கண்காணிப்பு என்பது டெல்லியிலும் சென்னையிலும் வாழும் பெரிய மனிதர்களின் கவலை என்று கருதப்படுவது வழக்கம் என்றாலும், அந்தக் கவலையைத் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் எழுப்பியவர்களுள் ஒருவர் இந்தப் போடிநாயக்கனூர்த் தொகுதியின் உறுப்பினராக இருந்தவர். 1989 சனவரித் தேர்தலில் சேவல் சின்னத்தில் இங்கு வென்று எதிர்க்கட்சித் தலைவரான ஜெயலலிதா, அதே ஆண்டு மார்ச் 25 அன்று, காவல்துறை தமக்கு எதிராக ஏவப்படுவதாகவும் தம் தொலைபேசி ஒட்டுக்கேட்கப்படுவதாகவும் அவையில் முறையிட்டார். அன்று அவையில் மூண்ட அமளியை இன்றும் எல்லாரும் பேசுகிறார்கள். அந்த முறையீட்டை எவரும் பேசுவதில்லை.

முறையிட்டவரே முதலமைச்சராக இருந்த 2002 சூலையில், திருமங்கலத்தில் ஆற்றிய ஓர் உரைக்காக மதிமுக பொதுச்செயலாளர் வைகோ பொடாவில் கைதுசெய்யப்பட்டார். பொடா எனப்பட்ட பயங்கரவாதத் தடுப்புச் சட்டம், பிணை கிடைப்பதை அரிதாக்கி, காவல் அதிகாரியிடம் அளித்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்றதோடு, ஒட்டுக்கேட்பதற்கென்றே தனி அத்தியாயமும் கொண்டிருந்தது. இதில் கசப்பான செய்தி வேறு: அதே ஆண்டு மார்ச்சில் நாடாளுமன்றக் கூட்டுக்கூட்டத்தில் அச்சட்டம் நிறைவேறியபோது, ஆளும் கூட்டணியில் இருந்த மதிமுக அதை ஆதரித்திருந்தது. தம் கட்சி கைதூக்கிய சட்டத்தின்கீழ் வைகோ பத்தொன்பது மாதங்கள் வேலூர்ச் சிறையில் இருந்தார்.

2004இல் காங்கிரசு தலைமையிலான கூட்டணி பொடாவை நீக்கியது; நீக்கிய கையோடு அதன் பல பிரிவுகளை, ஒட்டுக்கேட்ட பேச்சைச் சாட்சியமாக்கும் பிரிவு உட்பட, சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. திமுகவும் மதிமுகவும் அப்போது அந்தக் கூட்டணியில்தான் இருந்தன. தனிமனிதரையும் பயங்கரவாதி என அறிவிக்க வழிசெய்த, அச்சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு மாநிலங்களவையில் எதிர்க்கட்சியான காங்கிரசும் ஆதரவாக வாக்களித்தது. உள்ளூரிலும் கதை வேறன்று: ஒருவரை விசாரணையின்றி ஓராண்டுவரை அடைத்துவைக்க இடந்தரும் குண்டர் சட்டம் 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் பிறந்தது, அதன்பின் வந்த இரு கழக ஆட்சிகளும் அதைப் பயன்படுத்தினவே தவிர, நீக்கவில்லை. காவல்துறைக்கு முகம் அறியும் மென்பொருளை 2021இல் திமுக அரசு வழங்கியது. 2024இல் அந்த மென்பொருள் தளத்தின் தரவுகளே களவுபோயின.

இவற்றைக் கண்ட வாக்காளர் சலித்துப்போவது இயல்பே. கொரோனா ஊரடங்கு ஆண்டில், போடிமெட்டு ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகவேண்டிய தொழிலாளி இ-பாஸுக்காகத் தந்த விவரங்கள் பின்னர் என்னவாயின என்று எந்தக் கட்சி மேடையும் கேட்கவில்லை. அந்தச் சலிப்புக்குச் சட்டம் தந்த வழி நோட்டா. அதற்கு முன், யாருக்கும் வாக்களிக்க விரும்பாதவர் வாக்குச்சாவடி அலுவலரிடம் சொல்லிப் பதிவேட்டில் குறிப்பிட்டுக் கையொப்பமிட வேண்டியிருந்தது. கண்காணிப்பை வெறுத்து விலகியவரையும் கண்காணிப்புக்குள் நிறுத்திய ஏற்பாடு அது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நோட்டாவுக்கு ஆணையிட்டு, அவரது வாக்கின் மறைவுரிமையை மீட்டுத்தந்தது. ஆயினும் நோட்டா எத்தனை வாக்கு பெற்றாலும் அடுத்து நிற்கும் வேட்பாளரே வென்றவராவார் என்பதால், அது கோபத்தைப் பதிவுசெய்யுமே ஒழிய, ஒட்டுக்கேட்கும் ஆணை ஒன்றைக்கூட நிறுத்தாது.

அதே உரிமைக் கழகம் தொடுத்த மற்றொரு வழக்கின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில்தான் கவனிக்கவேண்டிய முடிச்சு இருக்கிறது. தொலைபேசி ஒட்டுக்கேட்பு உள்துறைச் செயலரின் ஆணையால்தான் நடக்கவேண்டும், அந்த ஆணையை ஒரு மறுஆய்வுக் குழு பார்க்கவேண்டும் என்று அத்தீர்ப்பு விதித்தது. அந்தக் குழுவில் இருப்போர் மாநிலத்தில் தலைமைச் செயலரும் சட்டச் செயலரும் மற்றொரு செயலரும்; ஆணையிடும் அரசும் அதைச் சரிபார்க்கும் அரசும் ஒன்றே. பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ இல்லாமல், குற்றத்தைத் துப்பறிவதற்காக மட்டும் ஒட்டுக்கேட்க முடியாது என்று 2025 சூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கில், ரத்தான ஆணை 2011ஆம் ஆண்டையது என்பதே அந்தச் சரிபார்ப்பின் தரத்துக்குச் சான்று.

எதிர்க்கட்சித் தலைவரையும், பின்னர் முதலமைச்சராக இருந்த மற்றொருவரையும் சட்டமன்றத்துக்கு அனுப்பிய இத்தொகுதியின் வாக்காளர், வேட்பாளர் வாசலுக்கு வரும்போது அவர் எந்தக் கட்சி என்பதைவிட வேறு இரண்டு கேள்விகளைக் கேட்க உரிமை உடையவர்: ஆண்டுதோறும் எத்தனை ஒட்டுக்கேட்பு ஆணைகள் இடப்பட்டன என்ற எண்ணிக்கையைச் சட்டமன்றத்தில் வைக்க அவர் கட்சி ஒப்புக்கொள்கிறதா, மறுஆய்வுக் குழுவில் ஒரு நீதிபதியைச் சேர்க்கும்படி மத்திய அரசை வலியுறுத்துமா? 2024 திசம்பரில் புதிய ஒட்டுக்கேட்பு விதிகள் வந்தபோதும் மூன்று செயலர்களே அக்குழுவில் தொடர்ந்தார்கள்.