பொறி பறந்த பிறகுதான் வேலை

அமெரிக்காவில் 5 லட்சம் வோல்ட் மின்பாதையில் கோளாறு என்றால், சில நேரம் மின்சாரத்தை நிறுத்துவதே இல்லை. ஹெலிகாப்டரின் பக்கவாட்டு மேடையில் உட்கார்ந்தபடி பணியாளர் கம்பியை நெருங்குகிறார். கையில் ஓர் உலோகக் கோல். அதை நீட்டியதும் படபடவெனப் பொறி பறக்கிறது. பார்ப்பவருக்குத்தான் குலை நடுங்கும். அவரோ ஓர் இணைப்புக் கம்பியை மாட்டிவிட்டு, சாவகாசமாக வேலையைத் தொடங்குகிறார்.

அந்தப் பொறிதான் சமரசம். இரண்டு கடத்திகளைத் தொடுத்தால், மின்னழுத்தம் சமமாகும் வரை மின்னூட்டம் நகரும். குழாயால் இணைத்த இரண்டு தொட்டிகளில் தண்ணீர் மட்டம் ஒன்றாவது போல.

மட்டம்தான் ஒன்று, அளவு அல்ல. 10 செ.மீ., 5 செ.மீ. ஆரமுள்ள இரண்டு உலோகக் கோளங்களை எட்ட வைத்து, மெல்லிய நீளக் கம்பியால் இணைத்தால், பெரியது இரு மடங்கு மின்னூட்டத்தை வைத்துக்கொள்ளும்.

மின்பாதையிலோ மாறுமின்னோட்டம். அழுத்தம் விநாடிக்கு 60 முறை ஏறி இறங்க, ஹெலிகாப்டரும் ஆளும் கூடவே ஏறி இறங்க வேண்டும். அதற்காக ஓடும் சிறு மின்னோட்டத்தை, எஃகு இழை கலந்து நெய்த உடை தாங்கிக்கொள்கிறது.

வேலை முடிந்து விலகும்போது மறுபடியும் அதே கோல், அதே பொறி.