எங்கே போய்க் கேட்பது?

(பங்கின் வெள்ளிவிழாவையொட்டி நடந்த முதியோர், மாற்றுத்திறனாளிகள் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விழா என்றதும் கொடியேற்றமும் சப்பரமும் நினைவுக்கு வருவது இயல்பே. நாம் இன்று பேச வந்ததோ ஒரு பழைய கடனைப் பற்றி.

2012-ஆம் ஆண்டில் நாம் வேறொரு பங்கில் இருந்தோம். ஒரு நாள் மாலை ஒரு மூதாட்டி பங்களா வாசலில் வந்து நின்றார். "வீட்டை மகன் பேருக்கு எழுதிக் கொடுத்துட்டேன் சாமி. இப்ப திண்ணையிலதான் படுக்கை. சாப்பாடும் அவங்க நினைச்சாத்தான்" என்றார். மகனை அழைத்துப் புத்தி சொன்னோம். தலையை ஆட்டிவிட்டுப் போனான். தாயிடம், "பொறுமையாய் இருங்கம்மா, செபம் பண்ணுங்க" என்றோம். கடமை முடிந்ததாக எண்ணிக்கொண்டோம். மறு ஆண்டு அவரை நாமே அடக்கம் செய்தோம். அதற்குப் பிறகுதான், பெற்றோரையும் மூத்த குடிமக்களையும் காக்க 2007-லேயே ஒரு சட்டம் வந்துவிட்டது நமக்குத் தெரிய வந்தது. தத்துவமும் இறையியலும் ஆண்டுக்கணக்கில் படித்த நமக்கு, பஸ் ஏறினால் அரை மணியில் போய்ச் சேரும் அலுவலகம் தெரியாமல் போயிற்று.

அந்த அலுவலகம் கோட்டாட்சியர் அலுவலகம். ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்றதும் லைசென்சு எடுக்கும் இடத்துக்குப் போய்விடாதீர்கள். இது வருவாய்த் துறையைச் சேர்ந்தது. பிள்ளைகள் கவனிக்காவிட்டால் அங்குள்ள தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கொடுக்கும்படி உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு. நடக்க இயலாதவர் தம் சார்பில் வேறொருவரையோ ஒரு சங்கத்தையோ மனு கொடுக்கச் சொல்லலாம் என்று சட்டமே சொல்கிறது. இதை நம் வின்சென்ட் தே பவுல் சபையார் நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சொத்தை எழுதிக் கொடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 'என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பிள்ளை தவறினால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பதற்கு அதுவே பிடி. மகன் என்ன நினைப்பானோ என்று கூசாதீர்கள். நல்ல மகன் கோபிக்கமாட்டான்.

இனி மாற்றுத்திறனாளிகள். முன்பு ஊனமுற்றோர் என்றோம். சொல்லை மாற்றிக்கொண்டோம், நம் கோயில் படிகளைத்தான் இன்னும் மாற்றவில்லை. மாவட்டந்தோறும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. அடையாள அட்டை, உதவித்தொகை, சக்கர நாற்காலி எதுவானாலும் முதலில் கேட்க வேண்டிய இடம் அது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொள்கிறது. ஆகையால் 'நம் பிள்ளைக்குக் கிடைக்காது' என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம்.

அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளைப் பெற்றவர்கள் நம்மிடம் இரகசியமாய்க் கேட்பது ஒன்றே: "நாங்க கண்ணை மூடிட்டா இவனுக்கு யார் சாமி?" இதற்கும் வழி உண்டு. தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-இன்படி, பதினெட்டு வயது நிறைந்த அப்பிள்ளைக்குச் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்க, கலெக்டர் தலைமையில் ஒரு குழு உண்டு. நீங்கள் உயிரோடு இருக்கும்போதே அங்கே போக வேண்டும்.

வழக்கென்று வந்தால் நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பாராமல் இலவச உதவி. தொலைபேசி எண் 15100. முதியோருக்கென்று தனியாக 14567. இரண்டையும் காலண்டரில் பெரிதாக எழுதிவையுங்கள்.

பெத்சதா குளத்தருகே முப்பத்தெட்டு ஆண்டுகள் நோயுற்றுக் கிடந்தவனுக்கு, எதிரே குளம் இருந்தது. இறக்கிவிடத்தான் ஆள் இல்லை. நம் முதியவர்கள் நிலையும் அதுவே. கலெக்டர் அலுவலகத்துக்குத் தனியாகப் போய், வரிசையைக் கண்டு மிரண்டு, வாசலிலேயே தரகரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

ஆகவே வரும் ஞாயிறு முதல், இரண்டாம் பூசை முடிந்ததும் பங்களா தாழ்வாரத்தில் ஒரு மேசை போடப்படும். மனு எழுதத் தெரிந்த இரண்டு ஆசிரியர்கள் இருப்பார்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளுக்குக் கூட வர இளைஞர்கள் நால்வர் பெயர் கொடுத்துள்ளார்கள். ஆதாரும் ரேஷன் அட்டையும் நகல் எடுத்துக்கொண்டு வாருங்கள். அசலை யாரிடமும், நம்மிடமும்கூட, கொடுக்க வேண்டாம். மனு கொடுத்தால் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். படியேற முடியாதவர்கள் சொல்லி அனுப்பினால், வீட்டுக்கே வருகிறோம்.