தேர்ந்தெடுக்கும் உரிமை



1986-ஆம் ஆண்டு, தேசிய நுகர்வோர் நாளான இதே டிசம்பர் 24 அன்றுதான் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. அந்தச் சட்டம் தந்த உரிமைகளில் ஒன்று, தேர்ந்தெடுக்கும் உரிமை. அன்றைக்கு அது எவ்வளவு பெரிய வரம்! ஸ்கூட்டருக்கும் தொலைபேசிக்கும் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள்.

இன்றைக்குக் கடைக்குப் போய்ச் சமையல் எண்ணெய் அடுக்கின் முன்னால் நில்லுங்கள். கடலை, நல்லெண்ணெய், சூரியகாந்தி, தவிடு. அதில் மரச்செக்கு தனி, ரீஃபைண்ட் தனி. ஒவ்வொரு கம்பெனிக்கும் பாக்கெட், பாட்டில், கேன். ஒரு தாய் ஒன்றை எடுக்கிறார், திருப்பிப் பார்க்கிறார், வைக்கிறார், அடுத்ததை எடுக்கிறார். கடைசியில் எது கூடைக்குள் போகிறது? ‘ஆஃபர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டது!

இப்படி வகைகள் குவிந்தால் என்ன ஆகும் என்று அமெரிக்காவில் ஆய்வாளர்கள் ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் ஓர் ஆய்வு செய்து 2000-இல் வெளியிட்டார்கள். கலிபோர்னியாவில் ஒரு கடை. ருசி பார்க்க ஜாம் வைத்தார்கள். 24 வகை வைத்தபோது, கடந்து போனவர்களில் நூற்றுக்கு 60 பேர் நின்றார்கள். 6 வகை வைத்தபோது நின்றவர்கள் 40 பேர்தான். வாங்கியது யார்? 24 வகை முன் நின்றவர்களில் நூற்றுக்கு 3 பேர். 6 வகை முன் நின்றவர்களில் 30 பேர்!

இதை வைத்துக்கொண்டு ‘வகையைக் குறையுங்கள்’ என்று நான் கேட்க வரவில்லை. பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், எண்ணிக்கை கூடினாலே மனிதன் திணறிவிடுவதில்லை என்று கண்டார்கள். ஒன்றோடொன்றை ஒப்பிடுவது கடினமாகும்போது திணறுகிறான். நம் சண்டை அந்த இடத்தில்தான்!

முன்பு எண்ணெய், தேயிலை போன்ற பொருள்களை இன்னின்ன அளவில்தான் அடைக்க வேண்டும் என்று விதி இருந்தது. அடைத்து விற்கும் பொருள்களுக்கான விதிகளில் 2021-இல் கொண்டுவந்த திருத்தம் அதை எடுத்துவிட்டது. ஒரு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம். இன்று லிட்டர் பாக்கெட் போலவே தோன்றுவதைத் திருப்பினால் 850 கிராம் என்றிருக்கும். அவசரத்தில் யார் திருப்பிப் பார்க்கிறார்கள்?

ஓர் அலகு அளவுக்கு விலை என்ன என்று அச்சிட வேண்டும் என்று சொன்னதும் அதே திருத்தம்தான். நல்ல விதி, மனமார வரவேற்கிறேன். ஆனால் 850 கிராம் பாக்கெட்டில் கிராமுக்கு இவ்வளவு என்றிருக்கும். அரை லிட்டர் பாட்டிலில் மில்லிக்கு இவ்வளவு. ஐந்து லிட்டர் கேனில் லிட்டருக்கு. மூன்றும் மூன்று கணக்கு, அதுவும் பொடி எழுத்தில்! கூலி வாங்கிக்கொண்டு நேரே கடைக்கு வரும் பெண் அங்கே நின்று வகுத்தல் கணக்கா போடுவாள்?

எனவே ஒரு தீர்மானம் முன்மொழிகிறேன். எண்ணெய் எந்த அளவில் விற்றாலும் கிலோவுக்கு என்ன விலை என்று ஒரே கணக்கில், எம்.ஆர்.பி. எழுத்தின் அளவுக்கே பெரிதாக அச்சிட வேண்டும். கடையின் அடுக்கிலும் அதை எழுதி ஒட்ட வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறைக்கு இன்றே இதை அனுப்புவோம். ஆதரிப்பவர்கள் கை உயர்த்துங்கள்!